மரத்தின் சுவர்ப் பக்கம்

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், உங்களுக்கெல்லாம் முட்டிவலி பறந்துவிடுகிறது. ஸ்டூல் மேல் ஏறி நட்சத்திரம் கட்டுகிறீர்கள். அட்டைப்பெட்டியில் மடித்து வைத்த பிளாஸ்டிக் மரத்தைப் பிரித்து நிறுத்தி, பேரப்பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்து, கைபேசியில் படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்புகிறீர்கள். எனக்கும் வருகிறது, பார்க்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. "நீ மட்டும் ஏன் மரம் வைக்கிறதில்ல?" என்று போன வாரம் உங்களில் ஒருத்தி கேட்டாள். வயசாயிடுச்சு, யார் எடுத்துக் கட்டுறது என்று மழுப்பினேன். அது பொய். கிறிஸ்துமஸ் மரத்தைக் கண்டால் எனக்கு அதன் பின்பக்கத்தைப் பார்க்கத்தான் முதலில் தோன்றும். உங்கள் படங்களில் பின்பக்கம் தெரிவதே இல்லை.

நான் வளர்ந்தது ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம். அப்பா அங்கே மிஷன் பள்ளியில் வாத்தியார், ஹாஸ்டலுக்கு வார்டனும் அவர்தான். அடிவாரத்து ஊர்க்காரர். அவருடைய அப்பா காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். அம்மா மலைக்காரி. அதே ஹாஸ்டலில் படித்து, ஞானஸ்நானம் எடுத்து, அங்கேயே சமையல் வேலையில் இருந்தவளை மிஷன் பெரியவர்கள் பார்த்து அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். அன்றோடு அவள் பிறந்த ஊர் அவளை விலக்கிவைத்தது. அவள் போனால் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. அதையும் மீறி எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர் அம்மாவின் தம்பி, என் மாமன், ஒருவர்தான். சாமையும் புளியும் கொண்டுவருவார், பலா பழுத்தால் தோளில் தூக்கிவருவார். அதற்காக ஊரில் திட்டும் வாங்குவார். அப்பாவோ அவரை ஒரு நாளும் முன்னறைக்குள் விட்டதில்லை. தேங்காய் உடைத்துக் கும்பிடுகிற ஆள் என்று பின்கட்டோடு நிறுத்திவிடுவார். தன்னை மாமா என்று கூப்பிடவும் அவரை விடமாட்டார். எல்லாரையும் போல 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும்.

அப்பா கைநீட்டி அடிக்காத மனிதர். அந்த மலையில் அவருக்கு அப்படித்தான் நல்ல பெயர். அடிக்கத் தேவையில்லாதபடி அவர் வேறு வழி வைத்திருந்தார் என்பது வெளியே தெரியாது. அந்த வழிதான் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரம்.

ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அம்மா கொடுத்துவிட்டுப் போன தகரப் பெட்டி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. உள்ளே வைக்கோலில் பொதிந்து நான்கு கண்ணாடிக் குண்டுகள், ஆளுக்கொன்று. அப்பாவுக்குப் பொன் நிறம், அண்ணனுக்கு நீலம், எனக்குப் பச்சை, அம்மாவுக்குச் சிவப்பு. பண்டிகைக்கு முந்தின நாள் மாலை முன்னறையில் சுவரை ஒட்டி மரத்தை நட்டு, எல்லாரும் முழங்கால் போடுவோம். அப்பா கண்ணை மூடி, அந்த வருஷம் நாங்கள் செய்த குற்றங்களை ஒவ்வொன்றாகக் கர்த்தரிடம் எடுத்துச் சொல்வார். உரத்த குரலில், நல்ல தமிழில். சொல்லி முடித்ததும் தீர்ப்பு. நல்லபடியாக நடந்தவர்கள் குண்டை மரத்தின் முன்பக்கம் மாட்டலாம். நடக்காதவர்கள் பின்னால், சுவர்ப் பக்கம். "இப்படியே பேசிக்கினு இரு, சுவர்ப் பக்கம்தான் போவ" என்பது எங்கள் வீட்டில் வருஷம் முழுக்கப் புழங்கிய பேச்சு.

அண்ணன் எப்போதும் முன்பக்கம். ஹாஸ்டல் வெல்லத்தைத் திருடித் தின்ற வருஷமும் முன்பக்கம்தான், ஆண்பிள்ளை பாருங்கள். நான் இங்கும் அங்குமாக மாறிக்கொண்டிருப்பேன். அம்மா மட்டும் ஒரே ஒரு வருஷம்கூட முன்னால் வந்ததில்லை. ஒரு வருஷம் அறுப்புப் பாட்டை முணுமுணுத்தாள் என்பது குற்றம். ஒரு வருஷம் பிறந்த ஊர்த் திருவிழா மேளம் கேட்டு வேலியோரம் நின்றாள். ஒரு வருஷம் ஒன்றுமே கிடைக்கவில்லை. "இருதயத்தில் உள்ள பெருமை" என்று சொல்லிச் சிவப்புக் குண்டைப் பின்னால் தள்ளினார்.

சின்ன விஷயம்தானே என்று உங்களுக்குத் தோன்றும். பண்டிகை வாரம் முழுக்கச் சபைப் பெண்கள் வீடு தேடி வருவார்கள். எந்தக் குண்டு யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும். முறுக்கை வாயில் போட்டுக்கொண்டே கழுத்தை நீட்டி, "வாத்தியாரம்மாவுது இந்த வருஷமும் பின்னாலதானா?" என்று சிரிப்பார்கள். அம்மாவும் கூடச் சிரிப்பாள்.

மரம் கொண்டுவருவது மாமன் வேலை. அவருடைய கொல்லையில் இருந்த நெல்லியில் நல்ல அடர்த்தியான கிளையாகப் பார்த்து வெட்டி வருவார். நெல்லி இலை சின்னச் சின்னதாக, பஞ்சு ஒட்டினால் பார்க்க அழகாக இருக்கும். ஒரே குறை, வெட்டினால் சீக்கிரம் வாடி, தொட்டால் கொட்டும். கிளையைப் பின்கட்டில் சாத்திவிட்டு, அம்மா கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். ஆக, வருஷா வருஷம் மரம் கொண்டுவந்த மனிதர் அதைச் சோடித்துப் பார்த்ததே கிடையாது. "நட்சத்திரம் எவ்ளோ பெருசு? பஞ்ச எங்க ஒட்டுவீங்க?" என்று என்னிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

நான் சொல்லும் அந்த வருஷம், மிஷன் பாதிரியார்களில் மூத்தவரான பெரிய ஐயரும் அவர் மனைவி ஐயரம்மாவும் மலைக்கு வந்து எங்கள் கோயிலில் ஆராதனை நடத்தப்போவதாகச் செய்தி வந்தது. ஆராதனை முடிந்து எங்கள் வீட்டில்தான் டீ. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஐயரம்மா உட்கார நாற்காலி இரவல் வாங்கினார். கடைசியில் மரத்துக்கு வந்தார்.

"எல கொட்டுற மரத்த வெச்சிக்கினு அவங்க முன்னால நான் நிக்க மாட்டேன்" என்றார் அம்மாவிடம்.

"இந்த மலையில வேற இன்னா மரம் கீது?"

"ஓடைக்கு அந்தாண்ட பாரஸ்ட் டிபார்ட்மெண்ட்காரன் சவுக்கு நட்டு வெச்சிருக்கான் இல்ல? உன் தம்பிகிட்ட சொல்லு. நுனி மட்டும் போதும்."

"அது கவர்மெண்ட்டு மரமாச்சேங்க."

"அவ்ளோ பெரிய தோப்புல ஒரு நுனி போனா யாருக்குத் தெரியும்? நல்ல மரமா வந்துச்சின்னா, இந்த வருஷம் உன் குண்டு முன்னாலதான்."

நான் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அன்று முழுக்க அம்மாவின் நடையில் ஒரு வேகம் இருந்தது.

மாமன் வந்தபோது பின்கட்டில் வைத்துச் சொன்னாள். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அந்தச் சமயம் மேல்காட்டில் சந்தன மரங்கள் களவு போயிருந்தன. யார் கை வைத்தார்கள் என்று பிடிபடாமல் வனத்துறை ஆட்கள் ஊர் ஊராக முறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

"சவுக்கு வேணாங்கா. பாரஸ்ட் கார்டு புது ஆளு, ஒரு மாதிரி கீறான். நெல்லியே கொண்டாறேன், நல்லா பாத்து."

அம்மா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள். "ஒரு வருஷமாவது முன்னால மாட்டணும்னு ஆசையா கீதுடா" என்றாள். தம்பியிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னாள்.

மாமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாக்கா, கொயந்தையாட்டம்? சரி வுடு. கொண்டாந்துடறேன்."

கொண்டுவந்தார். என் உயரத்துக்கு இரண்டு மடங்கு, கூர் வைத்தது போல நேரான நுனி. சுண்ணாம்பு வாசனையும் சவுக்கு வாசனையும் சேர்ந்து வீடே புதுசாக இருந்தது. மாலையில் முழங்கால் போட்டோம். அம்மா பெயர் வந்தபோது அப்பா குற்றம் எதுவும் சொல்லவில்லை. "இவளுடைய கீழ்ப்படிதலுக்காக ஸ்தோத்திரம்" என்றார். அம்மா எழுந்து சிவப்புக் குண்டை எடுத்தாள். ஒரு கிளையில் மாட்டினாள், பின்னால் தள்ளி நின்று பார்த்தாள், கழற்றி இன்னொரு கிளையில் மாட்டினாள். ஜன்னல் வெளிச்சம் படுகிற இடமாகத் தேடிக்கொண்டிருந்தாள். அப்பாகூட அவசரப்படுத்தவில்லை. அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து பெரிய ஐயரும் ஐயரம்மாவும் வந்தார்கள். மரத்தைப் பார்த்து ஐயரம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "மலைமேல இப்படி ஒரு மரமா!" அப்பா அடக்கமாகத் தலையை ஆட்டினார். அம்மா தட்டில் அதிரசமும் முறுக்கும் எடுத்துவந்தாள். அப்போதுதான் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

வனத்துறை கார்டு ஒருவர் மாமனை அவருடைய துண்டாலேயே கைகளைக் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். மாமனுக்குச் சட்டை இல்லை. இடது காதிலிருந்து ரத்தம் இறங்கிக் கழுத்தில் காய்ந்திருந்தது. அவ்வளவு வருஷத்தில் மாமன் எங்கள் முன்னறைக்குள் வந்தது அன்றுதான்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார், பண்டிகை நாளும் அதுவுமா" என்றார் கார்டு. "தோப்புல ஒரு சவுக்கு தலையில்லாம நிக்குது. இந்த மலையில வூட்டுக்குள்ள மரம் வெக்கிறது நீங்க ஒருத்தர்தான். இவன் வாசல்ல சவுக்குத் தூசி கெடக்குது. புடிச்சி கேட்டா, அக்கா வூட்டுக்கு வெட்டினேன், சார்தான் கேட்டாருன்றான். நீங்க ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார். ரேஞ்சர்கிட்ட பேசி முடிச்சிடலாம். ஒரு நுனிதானே."

பாருங்கள், எவ்வளவு சுலபமாக இருந்தது. கார்டே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். அப்பா ஆமாம் என்று சொன்னால் மாமன் அன்று மத்தியானம் தன் வீட்டில் சோறு தின்றிருப்பார். அப்பா பெரிய ஐயர் முகத்தைப் பார்த்தார். ஐயர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நானா? திருட்டு மரத்த நான் எதுக்குங்க கேக்கப்போறேன்?" என்றார் அப்பா. "வாசல்ல கொண்டாந்து வித்தான். சொந்தக்காரனாச்சேன்னு வெல குடுத்து வாங்கினேன். எங்க வெட்டினான்னு எனக்கு இன்னா தெரியும்?"

கார்டின் முகம் மாறியது. "விக்கிறானா?" என்று மாமனைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப மேல்காட்டுச் சந்தனமும் உன் வேலதானாடா?"

"பொய்! அப்பாதான் கேட்டாரு! நான் கேட்டுக்கினு இருந்தேன்!" என்று கத்தினேன். கத்தினேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஐயரம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசக் கூடாது கண்ணு" என்று வாயில் ஒரு முறுக்கைத் திணித்தார். வாய் நிறைய முறுக்கோடு அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் உண்மையைச் சொன்னால் புருஷன் ஐயர் முன்னால் பொய்யன், திருட்டுக்குச் சொல்லிக்கொடுத்தவன். வேலை போகும், மிஷன் கொடுத்த வீடு போகும். இரண்டு பிள்ளைகளோடு அவள் போய் நிற்க ஓர் ஊர் கிடையாது. இதெல்லாம் எனக்கு இன்று விளங்குகிறது. மாமனுக்கு அன்றே, அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. அக்காவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். நட்சத்திரத்திலிருந்து அடிவரைக்கும் நிதானமாகப் பார்த்தார்.

"எந்தக் குண்டுக்கா உன்னுது?" என்று கேட்டார்.

அம்மா மோவாயால் சிவப்பைக் காட்டினாள்.

"அழகாக் கீது" என்றார் மாமன். கார்டு பக்கம் திரும்பி, "சார் சொல்றதுதாங்க. நான்தான் வித்தேன்" என்றார்.

பெரிய ஐயர் எழுந்து, வழி தவறிய ஆட்டுக்காக ஜெபம் பண்ணினார். கார்டும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். ஜெபம் முடிந்ததும், மரம் கேசுக்குத் தொண்டிப் பொருள், அதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றார் கார்டு. ஐயரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஐயோ பாவம், பிள்ளைங்க ஏங்கிப்போயிடும். பண்டிகை முடியட்டுமே. புத்தாண்டுக்கு அப்புறம் எடுத்துக்கோங்க" என்றார். கார்டு பெரிய மனசு பண்ணிச் சம்மதித்தார். மரத்துக்குத் தவணை கிடைத்தது. மாமனை மட்டும் அப்போதே கூட்டிக்கொண்டு போனார். ஐயரம்மாவை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவர் இரக்கம் கண்ணுக்கு எதிரில் மினுங்கியதன் மேல் போய் விழுந்தது, அவ்வளவுதான்.

விருந்தாளிகள் போனதும் அம்மா சிவப்புக் குண்டைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் அப்பா வந்து அதை முன்னால் மாட்டினார். அந்த வாரம் முழுக்க இதே கூத்து. அவள் பின்னால் கொண்டுபோவாள், இவர் முன்னால் கொண்டுவருவார். சபைப் பெண்கள் வந்த நேரம் குண்டு முன்னால் இருந்தது. "வாத்தியாரம்மா, இந்த வருஷம் ஜெயிச்சிட்டீங்க!" என்று கைதட்டினார்கள். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதற்குள் ஒரு நாள் மாமன் மனைவி கைக்குழந்தையோடு வந்து வேலிக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. "சாரு வந்து ஒரு வார்த்த சொன்னா வுட்டுடுவாங்களாம். இல்லாங்காட்டி சந்தனக் கேசும் சேத்து எழுதிடுவாங்களாம்" என்றாள். அப்பா வேலியருகே போய், மிகவும் மரியாதையாக, "என்னப் பொய் சொல்லச் சொல்றியாம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் அவரையே பார்த்தாள். காறித் துப்பிவிட்டுப் போயிருக்கலாம், நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு திரும்பிப் போனாள்.

புத்தாண்டு முடிந்து மரத்தை எடுக்க வந்தார்கள். அதுவரை ஓர் இலைகூடக் கொட்டவில்லை என்று அப்பா கார்டிடம் சொன்னார்.

சந்தனக் கேசும் மாமன் தலையில்தான் விழுந்தது. ஒரு வாத்தியாரே மரம் விற்கிறவன் என்று சொன்ன பிறகு யார் சந்தேகப்படுவார்கள்? கீழே ஜெயிலில் கிடந்துவிட்டுத் திரும்பியபோது இடது காது முழுக்கச் செவிடாகியிருந்தது. விலக்கிவைத்தவள் வீட்டுக்குப் போனதற்குக் கிடைத்த கூலி என்று ஊரும் கைகழுவியது. அவருடைய கொல்லை நிலத்தைப் பங்காளிகள் உழுதுகொண்டிருந்தார்கள். கூலிக்குச் சாமை அறுத்துப் பிழைத்தார் என்று கேள்விப்பட்டோம். எங்கள் வீட்டுக்கு அவர் வரவில்லை.

எங்கள் வீட்டில் மரம் வைப்பது நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். அடுத்த வருஷமே ஹாஸ்டல் பையன்களை அனுப்பி ஏதோ ஒரு கிளையை வெட்டிவரச் செய்தார் அப்பா. முழங்கால் போட்டோம். எங்கள் குற்றங்களோடு சேர்த்து, "திருட்டில் விழுந்துபோன என் மைத்துனனை மன்னியும்" என்று ஜெபித்தார். குரல் தழுதழுத்தது. நடிப்பு என்றால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அது நடிப்பில்லை. ஒரு வருஷத்துக்குள் அந்தப் பொய்யை அவரே நம்பத் தொடங்கியிருந்தார். நெஞ்சாரக் கண்ணீர் விட்டார். அம்மா தீர்ப்புக்குக் காத்திருக்காமல் எழுந்து, குண்டைச் சுவர்ப் பக்கம் மாட்டிவிட்டு உலை வைக்கப் போனாள். அவள் உயிரோடு இருந்த வரைக்கும் அப்படித்தான். பிற்பாடு அப்பா முன்னால் மாட்டச் சொல்லிக் கெஞ்சிய வருஷங்களும் உண்டு.

அம்மா இறந்தபோது நாங்களெல்லாம் தலை நரைத்தவர்கள். பிறந்த வீட்டிலிருந்து வரும் கடைசிப் புடவையை உடன்பிறந்தவன் போர்த்துவது எங்கள் பக்கத்து வழக்கம், கிறிஸ்தவர்களானாலும் அதை விடுவதில்லை. அண்ணன்தான் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டான். வருவார் என்று நான் நம்பவில்லை. பொழுது சாயும் முன்னால் ஒரு கிழவர், கக்கத்தில் புதுப் புடவையோடு, தனியாக நடந்துவந்தார். நேராகப் போய் அக்காவின் மேல் புடவையைப் போர்த்தி, தலைமாட்டில் மடிப்பு கலையாமல் நீவிவிட்டார்.

சபைக்குப் புதிதாக வந்திருந்த ஐயர் சின்ன வயசுக்காரர். முறை தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "அம்மாவுக்கு நீங்க இன்னா வேணும்ங்க?" மாமனுக்குக் கேட்கவில்லை. ஐயர் இன்னும் சத்தமாகக் கேட்டார்.

மாமன் நிமிர்ந்தார். அப்பா எதிரில்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒறவெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சாருக்கு மரம் வித்தவன்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே நடந்தார்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஜெபத்த ஆரம்பிக்கலாங்க ஐயா, நேரமாவுது" என்றார்.